மதுரையில் சாப்பிட வருகிறவர்களுக்கு: முதலில் மணியைப் பாருங்கள், பிறகு கடையைப் பாருங்கள்

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "மதுரையில நல்ல ஹோட்டல் எது?" என்றுதான். மதுரைக்காரர் அதற்குப் பெயர் சொல்ல மாட்டார். "என்ன சாப்பிடணும்? எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அந்த இரண்டும் தெரியாமல் இங்கே நல்ல சாப்பாடு கிடைக்காது. இட்லிக்குப் பேர் போன கடையில் மதியச் சாப்பாடு சுமாராக இருக்கும். மதியம் அள்ளிக் கொடுக்கும் மெஸ்ஸில் இரவு தோசைக்கல் சூடாகவே இருக்காது. மதுரையில் ஒரு கடைக்கு ஒரு பண்டம், ஒரு பண்டத்துக்கு ஒரு நேரம். அதனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பாமல், நாலு கடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் திட்டம் போட்டு வாருங்கள்.

முதலில் வீதிகள்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள் இருக்கின்றன. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு திசைகளிலும் ஒவ்வொரு பகுதி. 'மேல' என்றால் மேற்கு, 'கீழ' என்றால் கிழக்கு. மேல மாசி வீதிக் கடையைத் தேடி ஆட்டோவில் கீழ மாசி வீதியில் போய் இறங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டுக்கும் நடுவில் முழுக் கோயிலும் இருக்கிறது. முகவரி சொல்லும்போது திசையை விடாமல் சொல்லுங்கள், பக்கத்தில் ஓர் அடையாளமும் சொல்லுங்கள்: விளக்குத்தூண், சிம்மக்கல், டவுன் ஹால் ரோடு, பெரியார் பஸ் ஸ்டாண்டு.

ரயில் நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து டவுன் ஹால் ரோடு வழியாக மேலக் கோபுரத்துக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம்தான். சித்திரை வீதிகளுக்குள் வண்டி போகாது. மாசி வீதிகளில் வண்டி போகும், ஆனால் நிறுத்த இடம் கிடைக்காது. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கார் எடுத்துப் போகிறவர் சாப்பிடும் நேரத்தைவிடச் சுற்றும் நேரம் அதிகமாகிவிடும். நடந்து போனால் பசியும் நன்றாக எடுக்கும்.

சாப்பாட்டுக் கணக்கில் ஊரை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கோயில் சதுரத்துக்குள் சைவ டிபன், அல்வா, பருத்திப்பால், ஜிகர்தண்டா. அதன் வடக்கு ஓரத்தில் சிம்மக்கல், யானைக்கல் பக்கம் இரவுக் கறிக்கடைகள். ஏ.வி. பாலத்தில் வைகையைத் தாண்டினால் கோரிப்பாளையம், தல்லாகுளம், அங்கே மதிய மெஸ்கள். அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு பக்கம் ஏசி வைத்த குடும்ப ஹோட்டல்கள், சைனீஸ், அரேபியன், பீட்சா எல்லாம் உண்டு. சிறு பிள்ளைகளோடு, காரோடு வருகிறவர்களுக்கு வசதி. ஆனால் அவை எந்த ஊரிலும் கிடைப்பவை என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடுகிறோம். வட இந்திய யாத்திரிகர்களை நம்பி டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய தெருக்களில் சப்பாத்தி, தால் போடும் போஜனாலயங்களும் இருக்கின்றன. கூட வருகிறவருக்கு நம் ஊர்க் காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே கூட்டிப் போங்கள்.

காலை: ஆறரையிலிருந்து ஒன்பதரை

மதுரை இட்லியின் அடையாளம் மென்மை. துணி போட்டு வேகவைத்த இட்லியைத் தட்டிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும், ஆறினால் ஓரம் காய்ந்துவிடும். இரண்டு இட்லி மட்டும் முதலில் கேளுங்கள். தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, சாம்பார் எனக் கேட்காமலே இலையில் விழும். பொடி தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு நல்லெண்ணெய் ஊற்றச் சொல்ல வேண்டும். சென்னையில் பேர் பெற்ற முருகன் இட்லிக் கடை தொடங்கியது இந்த ஊரில்தான். ஆனால் பேர் இல்லாத சந்துக் கடைகளிலும் அதே மென்மை கிடைக்கும். வாசலில் ஆவி வருகிறதா, இட்லிப் பானை மூடி அடிக்கடி திறக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

பொங்கலும் வடையும் எட்டரை மணிக்குள். அதற்குப் பிறகு பொங்கல் இறுகி, மேலே நெய் ஊற்றிச் சமாளித்த பொங்கலாகிவிடும். பத்தரை மணிக்குப் போய் டிபன் கேட்டால் தோசையைத் தவிர எதுவும் புதிதாக இருக்காது. கோயிலுக்குப் போகிறவர்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். தரிசனம் முடித்துக் கூட்டம் மொத்தமாக வெளியே வரும் நேரத்தில் சித்திரை வீதி, டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம்.

மதியம்: மெஸ்ஸில் உட்காருவது எப்படி

மதுரைச் சாப்பாட்டின் மையம் இதுதான், புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் ஆகியவை வெளியூர்க்காரர்களும் அறிந்த பெயர்கள். முறை எல்லா மெஸ்ஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உட்கார்ந்ததும் இலை போடுவார்கள். நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடுங்கள். கூட்டு, பொரியல், சோறு விழுவதற்கு முன்னாலோ கூடவோ ஒருவர் பெரிய தட்டு நிறையச் சின்னக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து நீட்டுவார். சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, நண்டு, வறுத்த மீன், காடை. இங்கே கவனம் வேண்டும். சாப்பாட்டு விலை சோற்றுக்கும் குழம்புகளுக்கும் மட்டும்தான், தட்டில் வருகிற ஒவ்வொன்றுக்கும் தனி விலை. "எடுத்துக்கங்க சார்" என்ற உபசாரத்தில் நாலு கிண்ணத்தை இறக்கிவைத்துவிட்டு, பில்லைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்கள் நிறையப் பேர். விலை கேட்பதில் கூச்சமே வேண்டாம். "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு வறுவலும் ஒரு மீனும் போதும்.

அடுத்தது சோற்றின் அளவு. மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில இடங்களில் நண்டுக் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர் அல்லது தயிர். முதல் குழம்பிலேயே சோற்றை மலை போலக் குவித்துக்கொண்டால் மீன் குழம்பு வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும். ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு கைப்பிடிச் சோறு எனப் பிரித்து, குறுக்கே கோடு போட்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள். மறுசோறு கேட்டால் கிடைக்கும். ஆனால் 'அளவுச் சாப்பாடு' என்று போர்டு இருந்தால் மறுசோறுக்குத் தனிக் காசு. பார்சல் சாப்பாட்டில் சோறு அதிகம், அளவாகச் சாப்பிடும் இருவருக்குக் காணும்.

காரம் குறைக்கச் சொல்வது எதில் பலிக்கும், எதில் பலிக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். குழம்பு காலையிலேயே அண்டாவில் வைத்தது, அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்லெட், கலக்கி, கல்லில் பிரட்டிக் கொடுக்கும் வெங்காயக் கறி போன்றவற்றில் மிளகையும் மிளகாயையும் குறைக்கச் சொல்லலாம். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள், தயிரைச் சோற்றோடு பிசைந்து இரண்டு வாய் சாப்பிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போவது? பன்னிரண்டரை. காரணம் எளிமையானது. ஓர் ஆட்டுக்கு ஒரே மூளை, ஒரே சுவரொட்டி (மண்ணீரல்). ஈரலும் கொஞ்சம்தான். இரண்டு மணிக்குப் போனால் சுக்காவும் கோழியும் இருக்கும், இவை இருக்காது. கோலா உருண்டையும் அப்படித்தான்: பொரித்த கையோடு சாப்பிட்டால் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஒரு மணி நேரம் தட்டில் கிடந்தால் கொத்துக்கறியும் பொட்டுக்கடலை மாவும் இறுகிக் கெட்டியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை போகவே போகாதீர்கள். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

மீன்: கடலும் கண்மாயும்

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் மதுரையில் வஞ்சிரத்தைத் தேடுவது நமக்கு வருத்தம். மதுரையில் கடல் கிடையாது. ராமேஸ்வரம், பாம்பன், தூத்துக்குடிப் பக்கமிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் ஐஸ் பெட்டியில் மீன் வந்து சேர்கிறது. நல்ல மீன்தான், சந்தேகமில்லை. ஆனால் கரையில் இறங்கிய மீனோடு அது போட்டி போட முடியாது. அதோடு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் பிடிக்கும் மீன் மட்டும் புதிதாக வரும், மீதி வேறு கரையிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ வரும். விலையும் ஏறும். அப்போது பெரிய மீன் துண்டு வறுவலைத் தவிர்ப்பது நல்லது. மசாலா செக்கச் செவேலென்று தடிமனாக அப்பியிருந்தால் உள்ளே மீன் எப்படி இருக்கிறது என்று தெரியாது. மெல்லிய மசாலாவில் தோல் தெரிகிற துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஊர் மீன் கண்மாய் மீன். அதில் ராஜா அயிரை. விரல் நீளம்கூட இருக்காது. உயிரோடு வாங்கி, மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துக் கழுவுவார்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் குழம்பில் மண் வாடை வரும், பல்லில் நறநறவென்று மாட்டும். வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். சரியாகக் கழுவிய அயிரையைத் தலையோடு, முள்ளோடு முழுசாகச் சாப்பிடலாம், ஒன்றையும் துப்ப வேண்டாம். புளிக்குழம்பு என்பதால் அடுப்பிலிருந்து இறக்கிச் சில மணி நேரம் ஊறினால்தான் ருசி ஏறும். எனவே சூடாக இல்லையே என்று குறை சொல்லாதீர்கள்.

அயிரை தினமும் கிடைக்காது, கிடைத்தாலும் மலிவாக இருக்காது. கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, வரத்து வந்ததா என்பதைப் பொறுத்தது. வாசலில் நின்று "இன்னைக்கு அயிரை இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இல்லையென்றால் விரால் குழம்பு கேளுங்கள். முள் குறைவு, சதை கெட்டி, பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கெளுத்தியும் நன்றாக இருக்கும். தங்கும் இடத்தில் அடுப்பு வசதி இருந்து, நீங்களே சமைக்க நினைத்தால் விடிகாலையில் கரிமேடு மார்க்கெட்டுக்குப் போங்கள், அல்லது நெல்பேட்டைக்கு.

நாலு மணிக்குப் பிறகு

மாலையில் மேல சித்திரை வீதிக் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பமும் பச்சைமிளகாய்ச் சட்னியும். சட்னி மிகக் காரம், ஓரத்தில் தொட்டு ஆரம்பியுங்கள். மாசி வீதிகளில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பார்கள். பருத்தி விதையை இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து, இரண்டு மூன்று முறை பால் எடுத்து, அரிசி மாவு கரைத்து விட்டு, வெல்லப்பாகோ கருப்பட்டிப்பாகோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சுவது. மேலே தேங்காய்த் துருவல். கரண்டியில் எடுத்து ஊற்றினால் கொழகொழவென்று இறங்க வேண்டும். தண்ணீராக ஓடினால் பருத்தி குறைந்து மாவு கூடியிருக்கிறது, நாக்கில் மாவு ருசி நிற்கும். சூடாகவே குடியுங்கள்.

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம் போங்கள். ஊர் முழுக்கப் பலகை இருந்தாலும் பழகியவர்கள் போவது அங்கேதான். திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே வரலாம். டம்ளரில் முதலில் ஊறிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, அதன்மேல் நன்னாரி சர்பத், பிறகு சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், கடைசியில் ஐஸ்கிரீம். ஸ்பெஷல் என்றால் பாஸந்தி சேரும். பாலைப் பாருங்கள். வெகுநேரம் சுண்டிய பால் வெளிர் பழுப்பாக, கெட்டியாக இருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் அது குளிர்ந்த பாலில் சர்பத் ஊற்றியது, அவ்வளவுதான். பிசின் சரியாக ஊறாவிட்டால் நடுவில் கட்டியாகக் கடிபடும், நன்கு ஊறியது நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் கலக்காமல் மேலே இருந்து இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, பிறகு அடியிலிருந்து கிளறுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள், அதுவே ஒரு வேளைச் சாப்பாட்டுக் கனம். முதல் தடவை சின்ன டம்ளர் போதும்.

இந்த விளக்குத்தூண், மகால், தெற்கு மாசி வீதிப் பகுதி சௌராஷ்டிர மக்கள் நிறைந்து வாழும் இடம். அவர்கள் கைப் புளியோதரை தனி ருசி. கண்ணில் பட்டால் ஒரு பொட்டலம் வாங்கிவிடுங்கள்.

இரவு: தோசைக்கல் சூடான பிறகு

கறி தோசை என்றால் சிம்மக்கல் கோனார் கடைதான் எல்லோர் வாயிலும் வரும். இப்போது ஊரில் பல கடைகளில் போடுகிறார்கள். கல்லில் ஊத்தப்பம் போலக் கனமாக மாவை ஊற்றி, மேலே முட்டையை அடித்துப் பரப்பி, முன்பே வெந்த கொத்துக்கறியை அதன்மேல் அமர்த்தி, திருப்பிப் போட்டு அழுத்தி வேகவிடுவார்கள். ஒன்று வேகப் பத்து நிமிடம் வரை ஆகும். மாஸ்டரை அவசரப்படுத்தினால் நடுவில் மாவு வேகாமல் வரும், நஷ்டம் உங்களுக்குத்தான். அதற்குச் சட்னி கேட்காதீர்கள், குழம்பு கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒன்று சொல்லுங்கள், போதாவிட்டால் இன்னொன்று.

பரோட்டாக் கடை மாலை ஆறுக்குமேல் சூடு பிடிக்கும். கல்லிலிருந்து எடுத்த நாலைந்து பரோட்டாவை அடுக்கி, பக்கவாட்டில் இரண்டு கையாலும் அடித்து உதிர்ப்பார்கள். அந்தச் சத்தம் கேட்கும் நேரத்தில் வாங்குவதுதான் சரி. "பிச்சுப் போடவா?" என்று கேட்பார்கள். சரி என்றால் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தருவார்கள், ஊறி மெத்தென்று இருக்கும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் முழுசாக வாங்கிச் சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். பன் பரோட்டா சிறியது, உப்பலானது, எண்ணெய் அதிகம் குடித்தது. இரண்டுக்குமேல் திகட்டும். மைதாவும் எண்ணெயும் வயிற்றில் உட்காராமல் இருக்கப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பன்னீர் சோடாவோ பொவண்டோவோ குடிப்பது இங்குள்ள வழக்கம். பொவண்டோ தயாரிக்கும் காளிமார்க் 1916இல் தொடங்கியது பக்கத்து ஊரான விருதுநகரில். அந்த விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா வேறு ரகம், முறுக்கு போல நொறுங்கும். ஒரு மாலையைத் தனியாக ஒதுக்கிப் போய் வாருங்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பரோட்டாக் கடையில் 'வெறும் சால்னா' என்றால் கறித்துண்டு இல்லை என்று பொருள், கறிச்சாறு இல்லை என்று பொருள் அல்ல. முட்டை, கறி, பரோட்டா எல்லாம் ஒரே கல்லில்தான். சைவ ஹோட்டலில் பரோட்டாவும் குருமாவும் கிடைக்கும், அங்கே போங்கள்.

தூங்கா நகரம் என்பது உண்மைதான், ஆனால் எல்லாக் கடையும் விழித்திருக்காது. பெரிய ஹோட்டல்கள் பதினொன்றுக்குள் முடித்துவிடும். நடுநிசிக்குமேல் பசித்தால் பெரியார், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றி இட்லிக் கடையும் டீக்கடையும் தேடுங்கள்.

காலண்டரையும் பாருங்கள்

புரட்டாசியில், அதிலும் சனிக்கிழமைகளில், பாதி ஊர் கறி சாப்பிடாது. மெஸ்ஸில் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் வகைகள் குறையும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் மாலை போட்டவர்களால் சைவக் கடைகளில் கூட்டம். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் வண்டி நுழைய முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் முதல் நாள் எதிர்சேவையும் தல்லாகுளம், கோரிப்பாளையம் முழுக்க ஜனக்கடல், அந்த இரண்டு நாள் மெஸ் ஆசையை விட்டுவிடுங்கள். தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் அன்னதானமும் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள், அதற்குத் தனி ருசி. அழகர்கோவில் மலையடிவாரத்துக்குப் போனால் பிரசாதத் தோசை வாங்காமல் திரும்ப வேண்டாம். அரிசியும் உளுந்தும் மிளகும் சேர்த்து நெய்யில் வேகவைத்த தடித்த தோசை அது, மறுநாளும் கெடாது.

ஊருக்குக் கட்டிக்கொண்டு போக

ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேம விலாஸில் அல்வாவைச் சூடாக இலைத்துண்டில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள், கட்டிக்கொண்டு போவதற்குத் தனியாக வாங்குங்கள். வண்டி கிளம்ப இருபது நிமிடம் இருந்தால் போதும். அல்வா சில நாள் தாங்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்துவிடும், எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். கறி தோசையைப் பார்சல் கட்டாதீர்கள், அரை மணி நேரத்தில் வியர்த்துப் போய்விடும். பரோட்டா கட்டலாம், சால்னாவைத் தனிக் கவரில் வாங்கி, சாப்பிடும்போது சுடவைத்துக்கொள்ளுங்கள். ஜிகர்தண்டாவைப் பாட்டிலில் அடைத்துத் தருகிற கடைகள் உண்டு, ஆனால் ஐஸ் பெட்டி இல்லாமல் வாங்க வேண்டாம். வெயிலில் பால் கெட எவ்வளவு நேரம் ஆகும்?